செவ்வாய்க்கிழமை திரும்பி வந்த கோளாறு

பொங்கல் மலருக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். கோயில் கட்டியவர், கிணறு வெட்டியவர் என்று யாரையாவது எதிர்பார்த்திருப்பார்கள். நான் என் பேத்தி பானுப்பிரியாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். "சொந்தப் பேத்தியையா?" என்றார்கள். ஆமாம், சொந்தப் பேத்தியைத்தான். அவளும் தாயில்பட்டிக்காரிதானே? சம்மதமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். சிவகாசிக் காலண்டர் கம்பெனியில் மெயில் படுத்துக்கொண்டதே, அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தது பானு இல்லையாம், அவளுடைய அப்பத்தா சொல்லிக் கொடுத்தாளாம். பஸ்ஸில் இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நடந்தது வேறு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோருமே ஆபீசுக்குப் போனவர்கள்தான். எங்கள் பக்கத்தில் பட்டாசு செய்கிற இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பேர், தீப்பெட்டி ஒட்டுகிற இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பேர். என் மகன் நாகையா வெடிமருந்து நிறைக்கிறவன். மருமகள் முருகம்மாள் பட்டாசுச் சரம் பின்னுகிறவள். பானுவும் சின்னதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டாசுக் குழாய் சுருட்டிக்கொண்டேதான் பாடம் படித்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் முருகம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "எம் பிள்ள கையில மருந்து படக்கூடாது." விருதுநகரில் கல்லூரியில் சேர்த்தோம். கம்ப்யூட்டர் படித்தாள். படித்து முடித்துச் சிவகாசியில் லட்சுமிகாந்தம் முதலாளியின் காலண்டர் கம்பெனியில் ஆர்டர் டைப் அடிக்கிற வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்து நாற்காலி போட்ட ஆபீசுக்குப் போன முதல் ஆள் அவள்.

இரண்டாயிரத்தேழாம் வருஷம். கம்பெனியில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த மாரிக்கண்ணன் என்ற பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். அவன் இருக்கும்போதே பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பானு அந்த வேலையைப் பழகியிருந்தாள். "நான் பாத்துக்கிடுறேன் முதலாளி" என்று துணிந்து கேட்டாள். அவரும் கொடுத்தார். சித்திரையில் பழைய மெஷினைத் தூக்கிவிட்டு, புதிதாக ஒன்றை இவளே பூட்டினாள். அதற்குப் பேர் மெயில் சர்வர்.

அது என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சோறு தின்ன உட்கார்ந்தால் நான் விடமாட்டேன், புரிகிற வரைக்கும் கேட்பேன். கம்பெனியில் இருக்கிற அத்தனை மேஜையிலிருந்தும் போகிற கடிதம், படம் எல்லாம் முதலில் அந்த ஒரு மெஷினுக்குத்தான் வரும். அது ஒவ்வொன்றையும் பிரித்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்து, வெளியூருக்குப் போகிற ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக விடும். சின்னக் கடிதம் என்றால் கண் மூடித் திறக்கிறதற்குள் போய்விடும். காலண்டர் படம் என்றால் கனம். அதைப் பிரித்துப் பார்க்கவும் நேரம், கம்பியில் ஏற்றி அனுப்பவும் நேரம்.

காலண்டர் தொழிலில் இந்த மெயில் நின்றால் கை ஒடிந்த மாதிரி. கடைக்காரர் பேர், போன் நம்பர் எல்லாம் படத்துக்குக் கீழே போட்டு, மாதிரியை வெளியூர் ஏஜென்டுக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்து "சரி" என்று பதில் போட்டால்தான் அச்சுக்கு ஏறும். அந்த "சரி" வரும்வரை அச்சு மெஷின் சும்மா நிற்க வேண்டியதுதான்.

ஆனி மாதம் சீசன் சூடு பிடித்தது. அப்போது ஆரம்பித்தது வினை. போகிற மெயில் போகாமல் அப்படியே நிற்கும். வருகிற மெயிலும் அதே மெஷின் வழியாகத்தான், அதனால் அதுவும் வராது. ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு கிடந்துவிட்டு, பிறகு தானாகவே சரியாகிவிடும். கும்பகோணத்து ஜவுளிக்கடைக்காரர் போன் நம்பரை மாற்றச் சொல்லி அனுப்பிய மெயில், பழைய நம்பரோடு அச்சடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது. சேலத்து ஏஜென்ட் போனில் கத்தினார்.

கம்பெனியில் மேனேஜர் மொக்கைச்சாமி. அந்தக் காலத்திலிருந்து முதலாளி வீட்டோடு இருக்கிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் நாக்கில் மிளகாய். அவர் எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம்: "மாரிக்கண்ணன் இருந்தப்ப மெயிலு குருவி மாதிரி பறந்துச்சு. இப்பப் பாருங்க, முட்டைக்கு உக்காந்த கோழியாட்டம் எந்திரிக்கவே மாட்டேங்குது."

இவள் கை வைத்த பிறகுதானே கெட்டது? அதனால் குற்றம் இவள் மேல். முதலாளி திட்டவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். அதுதான் இவளுக்கு இன்னும் உறைத்தது.

"இந்தா பாரு தாயி, ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் போடணும். அன்னைக்கே அம்புட்டு ஏஜென்டுக்கும் படம் போய்ச் சேரணும். ஒரு நா தாமசமானா வேற கம்பெனிக்காரன் ஆர்டரத் தட்டிட்டுப் போயிருவான். அதுக்குள்ள சரி பண்ணு. முடியலைன்னா மெட்ராசுல ஒரு கம்பெனி இருக்கு, மெயிலை அவுக கையில குடுத்துருவேன். அப்புறம் உனக்கு இங்கன என்ன வேலை குடுக்கன்னு எனக்கே தெரியல."

காலண்டர் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரிப் படங்களையெல்லாம் சேர்த்துக் கட்டியதுதான் ஆல்பம். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு அதை வெளியே விடுவார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கு வருஷம் பிறக்கிறது.

அன்று சாயங்காலம் பானு வந்து இதைச் சொன்னாள். முருகம்மாள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சரம் பின்னுகிற கை, எவ்வளவு கழுவினாலும் மருந்தின் வெள்ளி நிறம் நகத்தை விட்டுப் போகாது. கழுவிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது.

"ஏத்தா, மெஷினைக் கெடுத்தியா நீ?" என்று கேட்டேன்.

"கெடுக்கல அப்பத்தா."

"அப்ப எதுக்குத் தலையைத் தொங்கப் போட்டிருக்க? என்ன கோளாறுன்னு தேடு."

என் பங்கு இவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேடினாள். முதலில் மெஷினுக்குள் இடம் நிறைந்துவிட்டதோ என்று பார்த்தாள். பழைய மெஷினிலிருந்து அப்படியே கொண்டுவந்த மூன்று வருஷத்துப் படங்களெல்லாம் குப்பை மாதிரி சேர்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் போய் உட்கார்ந்து, வேண்டியதை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிட்டு மற்றதைச் சுத்தம் பண்ணினாள். திங்கட்கிழமை மெயில் ஜோராக ஓடியது. டிசைன் போடுகிற ரோஜா என்ற பெண் இவளுக்குப் பால்பன் வாங்கிக் கொடுத்தாளாம். இவளும் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழையபடி மெயில் படுத்துக்கொண்டது.

சரி, கரண்டாக இருக்கும் என்று நினைத்தாள். அச்சு மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது கரண்ட் குறைகிறதோ? எலெக்ட்ரீசியனைக் கூட்டிவந்து காட்டினாள். கரண்ட் சீராக இருந்தது. சூடாக இருக்கும் என்று நினைத்தாள். சர்வர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் ஒரு டேபிள் ஃபேனையும் மெஷினுக்கு நேராக வைத்தாள். மொக்கைச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிக்கு விசிறி விடுத மாதிரி விடுறாளே, இன்னைக்காச்சும் பிரசவம் ஆகுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். இவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முதலாளி மதுரையிலிருந்து பாண்டிமுருகன் என்ற இன்ஜினியரை வரச் சொன்னார். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான பிள்ளை, வேலை தெரிந்தவன். ஆனால் அவன் சிவகாசிக்கு வருவதே திங்கட்கிழமைதான். அன்றைக்கு இங்கே நாலைந்து கம்பெனியைப் பார்த்துவிட்டுப் போவான். அவன் வந்து உட்கார்ந்த திங்கட்கிழமை முழுக்க மெயில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு" என்றான்.

"டாக்டரக் கண்டதும் காய்ச்சல் ஓடிருச்சோ?" என்றார் மொக்கைச்சாமி.

அவன் கோபப்படவில்லை. போகும்போது பானுவிடம் சொன்னான்: "மேடம், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல. எத்தனை மெயில் வரிசையில நிக்குதுன்னு மெஷினே அப்பப்ப குறிச்சு வைக்கிற மாதிரி ஒண்ணு போட்டுட்டுப் போறேன். முதல்ல எப்ப நிக்குதுன்னு பாருங்க. ஏன் நிக்குதுங்கிறத அப்புறம் கேட்போம்."

நல்ல யோசனைதான். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தாள். கோளாறு வருகிற நேரம் தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகுதான் தலையே சுற்றியது. செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு. புதன்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு. வியாழக்கிழமை மூன்று மணிக்கு. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில். சனிக்கிழமை காலையில் பத்தரைக்கு. அடுத்த வாரமும் அதே மாதிரி. திங்கட்கிழமை மட்டும் ஒன்றுமில்லை.

இந்த மாதிரி நாளுக்கு ஒரு நேரம் மாறி மாறி எந்த மெஷினும் கெடாதாம். பாண்டிமுருகன் போனில் கேட்டுவிட்டு, "யாரோ வேணும்னே ஒரு வைரஸை உள்ள விட்டிருக்காங்க போல" என்றான். இரண்டு பேரும் போனிலேயே பேசிப் பேசி வைரஸைத் தேடினார்கள். இருந்தால்தானே கிடைக்கும்?

இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் விஷயம் பிடிபட்டிருக்கும். அப்போது எனக்குப் பிடிபடவில்லை. காரணம், பானு அந்த நேரங்களை என்னிடம் சொல்லவே இல்லை. சாயங்காலம் வந்தால், "இன்னைக்கும் நின்னுருச்சு அப்பத்தா" என்பாள், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேனோ என்னவோ. அவள் சொல்லவில்லை, நான் கண்டுபிடிக்கவில்லை. ஊர்க்காரர் மண்டையில் இது ஏன் ஏறமாட்டேன் என்கிறது?

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை. பானு சர்வர் ரூமில் உட்கார்ந்து மெஷினையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. இந்த மெஷினிடம் எத்தனையோ கேட்டாயிற்று. இதற்கு மெயில் அனுப்புகிறவர்களை ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லையே?

ரூமைச் சாத்திவிட்டு நேராக டிசைன் ஹாலுக்குப் போனாள். பதினொன்றரை இருக்கும். போனால், ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை. ரோஜா பொரிகடலை தின்றுகொண்டிருக்கிறாள். இன்னொருத்தி தலையைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். ஆர்டர் செக்‌ஷனில் கையைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கம்ப்யூட்டரில் மெயில் எழுதி, படம் சேர்த்து, அனுப்பத் தயாராக நிற்கிறது. ரோஜாவிடம் மட்டும் பதினைந்துக்கு மேல்.

"ஏன்டி, எல்லாம் ரெடியாத்தான இருக்கு? அனுப்ப வேண்டியதுதான?" என்று கேட்டாள் பானு.

ரோஜா இவளை விநோதமாகப் பார்த்தாள். "இப்பவா? வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு ராகு காலம்லக்கா?"

பானு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ராகு காலத்துல அனுப்ப மாட்டீகளா?"

"அனுப்பக் கூடாதுன்னு மேனேஜர் அண்ணாச்சி தை மாசமே சொல்லிட்டாகளே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. தை மாசத்தில் பானு வேறு கட்டடத்தில் ஆர்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நடந்தது இதுதான். போன சீசனில் ஒரு பேக்கரிக்காரர் மாதா படம் கேட்டிருக்கிறார். மாதிரி மாறிப் போய், பழனி முருகன் படத்தில் பேக்கரி பேர் போட்டுக் கட்டுக் கட்டாக அச்சாகிவிட்டது. மொக்கைச்சாமி விசாரித்ததில், அந்த மாதிரியை அனுப்பியது ராகு காலத்தில் என்று தெரிந்தது. அன்றைக்கே ஹாலில் நின்று சொல்லிவிட்டார்: இனி ராகு காலத்தில் ஒரு படம் வெளியே போகக் கூடாது. தை மாசத்தில் சீசன் முடிந்து கம்பெனியே காற்றாடிக் கிடந்தது. அதனால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. ஆனியில் ஆர்டர் குவிந்ததும்தான் தெரிந்தது. அதையும் யாரும் மெயில் கோளாறோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கும் ராகு காலத்துக்கும் என்ன சம்பந்தம்?

பானு பேசாமல் ரோஜா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொரிகடலை வாங்கித் தின்றாள். சுவரில் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. அதற்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் காலண்டரே தொங்குகிறது, தேதிக்குக் கீழே ராகு காலம் அச்சடித்து. ஹாலில் இருந்த அத்தனை கையும் ஒரே நேரத்தில் மவுசுக்குப் போனது. டக், டக், டக் என்று சத்தம். ஒன்றரை மணி நேரமாகக் கட்டிவைத்திருந்த படம் எல்லாம் ஒரே மூச்சில் போய் அந்த ஒற்றை மெஷின் மேல் விழுந்தது.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடும். கம்பெனி திறப்பதே ஒன்பது மணிக்கு மேல். கட்டிவைக்க எதுவும் இருக்காது. அதனால்தான் திங்கட்கிழமை நோய் கிடையாது.

பானு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாளாம். ரோஜா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னாள். பாண்டிமுருகன், "மேடம், எங்க அம்மாகூட இத எனக்குச் சொல்லலையே" என்றானாம்.

கோளாறு கிடைத்துவிட்டது. ஆனால் இதை முதலாளியிடம் யார் சொல்வது? காலண்டர் விற்கிற கம்பெனி. ஊர் உலகத்துக்கே ராகு காலம் அச்சடித்துக் கொடுக்கிறவர். அவரிடம் போய், "ராகு காலம் பார்க்கிறதை விடுங்கள்" என்று சொன்னால் இருக்கிற வேலையும் அப்போதே போகும். அன்று ராத்திரி தனியாகவே உட்கார்ந்து யோசித்தாள். என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால், "முதலாளிகிட்ட நேரா சொல்லு, நீ என்ன திருடியா?" என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிக் காரியத்தையும் கெடுத்திருப்பேன். நல்ல வேளை, கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி அறைக்குப் போனாள். மொக்கைச்சாமியும் இருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மொக்கைச்சாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்ப என்னாலதான் மெயில் கெட்டுப்போச்சுங்கிற. அப்படித்தான?"

"அப்படிச் சொல்லல அண்ணாச்சி. நீங்க சொன்னது கம்பெனி நல்லதுக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்புனா மெஷினு தாங்கலன்னுதான் சொல்றேன்."

முதலாளி சொன்னார்: "அதுக்காக ராகு காலத்துல அனுப்புன்னு என்னால சொல்ல முடியாதும்மா. நாம விக்கிறதே அதத்தான."

"முதலாளி, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் பானு. "ராகு காலத்துல வேலை தொடங்கக் கூடாதா, இல்ல வேலையே செய்யக் கூடாதா?"

"தொடங்கத்தான் கூடாது."

"அச்சு மெஷினைக் காலையில சூடம் காட்டித் தொடங்குதோம். ராகு காலம் வந்தா நிப்பாட்டுதோமா?"

"ஓடுற மெஷினை எதுக்கு நிப்பாட்டணும்? அதான் நல்ல நேரத்துல தொடங்கியாச்சே" என்று மொக்கைச்சாமியே பதில் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்தது.

"அப்ப மெயிலையும் அது மாதிரியே தொடங்கி வச்சிருவோம்ணாச்சி. தினமும் காலையில ராகு காலம் இல்லாத நேரமாப் பாத்து, பிள்ளையார் சுழி போட்டு முதலாளி கையால ஒரு மெயில் போகட்டும். அதுக்குப் பெறகு போறதெல்லாம் ஓடுற வேலைதான?"

முதலாளி மொக்கைச்சாமியைப் பார்த்தார். மொக்கைச்சாமி மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. சனிக்கிழமை ஒன்பதுக்கே ராகு வந்துருதே. முதலாளி எந்திரிக்கதே ஒன்பதுக்குத்தான?" என்று கேட்டார் மொக்கைச்சாமி.

"எந்திரிச்சுக்கிடுறேன்லே!" என்றார் முதலாளி.

பானு அதோடு விடவில்லை. கனமான படத்தை ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்பவே வேண்டாம் என்றாள். படத்தைக் கம்பெனியின் வெப்சைட்டில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, சின்ன மாதிரியையும் அது இருக்கிற விலாசத்தையும் மட்டும் அனுப்பினால் போதும், வேண்டியவர் போய் எடுத்துக்கொள்வார் என்றாள். முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏஜென்டு அதை ராகு காலத்துல திறந்துட்டார்னா?"

"அது அவர் ராகு காலம் முதலாளி."

முதலாளி சிரித்துவிட்டார். மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. "ஆடிப் பதினெட்டு அன்னைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வேலை பார்க்கிறவர்கள் வீட்டு ஆட்களையும் பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் முருகம்மாளும் போனோம். நான் அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனியை முதல்முதலாகப் பார்த்தேன். மை வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து வந்தது. புது ஆல்பத்தைச் சாமி முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். எல்லாம் பத்தரைக்கு முன்னாலேயே. பூஜை முடிந்ததும் முதலாளி டிசைன் ஹாலுக்கு வந்து, ரோஜா நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையார் சுழி மட்டும் போட்ட மெயிலைத் தன் கையாலேயே அனுப்பினார். சேலத்து ஏஜென்டுக்கு.

அதுவரைக்கும் சரி. கடிகாரம் பத்தரையைத் தாண்டியது. யார் கையும் அசையவில்லை.

பேச்சில் சரியென்று ஒத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் ஏழு மாசத்துப் பழக்கம், அதுவும் ராகு காலம். கை போகுமா? ரோஜா மடியில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பானு ஹால் வாசலில் நிற்கிறாள். கனமான படங்கள் வெப்சைட்டில் இருந்தாலும், அத்தனை ஏஜென்டுக்கும் போக வேண்டிய மாதிரிகளை இவர்கள் பன்னிரண்டு வரைக்கும் கட்டிவைத்தால் எல்லாம் மறுபடி ஒரே நேரத்தில் போய் விழும், இன்றைக்கு இருக்கிற கூட்டத்துக்கு மெஷின் எழுந்திருக்கவே செய்யாது. எல்லோருக்கும் முன்னால், முதலாளிக்கு முன்னால், இவளைப் பெற்றவளுக்கு முன்னால். முருகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோர் கண்ணும் மொக்கைச்சாமியைத்தான் பார்த்தன. வேண்டாம் என்று சொன்ன வாய் அது. அந்த வாய்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்த மனுஷன் மெதுவாக எழுந்தார். தட்டிலிருந்து விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டார். தன் கம்ப்யூட்டர் முன்னால் வந்து, "முருகா, தொடங்கியாச்சு. இது ஓடுற வேலை. நீதான் சாட்சி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மவுசை ஒரு அமுக்கு அமுக்கினார். அமுக்கிவிட்டு ஹாலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்: "ஏலே, என்ன கண்காட்சியா பாக்கீக? என்னைய மட்டும் ராகு பிடிக்கணுமாக்கும்? அனுப்புங்கலே!"

பிறகு டக் டக் என்று ஆரம்பித்தது. ஒருவர் இப்போது, ஒருவர் கொஞ்சம் கழித்து என்று மழை தூறுகிற மாதிரி. பானு ஓடிப்போய் சர்வர் ரூமில் பார்த்தாள். வரிசையில் நிற்கிற மெயிலின் எண்ணிக்கை ஏறவில்லை. வந்ததும் போய்க்கொண்டே இருந்தது.

பதினொன்றேகால் இருக்கும், முதலாளி மேஜையில் போன் அடித்தது. சேலத்து ஏஜென்ட். "அண்ணாச்சி, பிள்ளையார் சுழியும் வந்துருச்சு, படமும் வந்துருச்சு. அந்த ஊஞ்சல் கிருஷ்ணன் படத்தை எனக்கே எழுதிக்கோங்க, வேற யாருக்கும் குடுத்துராதீக" என்று அவர் கத்தியது எங்கள் வரைக்கும் கேட்டது. ராகு காலத்தில் வந்த ஆர்டர். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு மொக்கைச்சாமியிடம், "வாங்கலாமாலே?" என்று கேட்டார்.

"தானா வர்ற லட்சுமிய வாசல்ல நிறுத்துவாகளா? வாங்குங்க" என்றார் மொக்கைச்சாமி.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மெயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் முதலாளி பானுவைக் கூப்பிட்டு, எங்களுக்கு நேராகவே சொன்னார்: "மெட்ராசுக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன் தாயி. மெயிலு உன் பொறுப்பு." சர்வர் ரூம் சாவி அதுவரைக்கும் மொக்கைச்சாமி இடுப்பில்தான் இருந்தது. பானு ஒவ்வொரு நாளும் காலையில் அவரிடம் போய் நின்று வாங்க வேண்டும். அவர் தானாகவே கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இந்தா வச்சுக்க. ஆனா எவனாவது மறுபடியும் மாதாவுக்குப் பதிலா முருகனை அடிச்சான்னா, உன்னையத்தான் கேப்பேன்."

"அது டிசைன் ஹாலு அண்ணாச்சி. என் பொறுப்பு இல்ல."

"வாயப் பாரு. யாரு வீட்டுப் பிள்ள இது?"

"எங்க வீட்டுப் பிள்ளைதான்" என்று முருகம்மாள் சொன்னாள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். எப்போதும் நாலு பேர் முன்னால் பேசாதவள்.

இன்றைக்கும் முதலாளி சனிக்கிழமை ஒன்பதுக்கு முன்னால் வந்து பிள்ளையார் சுழி மெயில் போடுகிறார். வெளியூர் போனால் அங்கிருந்து போடுகிறார். பாண்டிமுருகன் இப்போது மற்ற கம்பெனிகளில் மெயில் நின்றால், முதலில் மெஷினைத் திறப்பதில்லையாம். அங்கே இருக்கிறவர்களோடு டீ குடிக்கிறானாம். பானு சொன்னாள்.

பஸ்ஸில் பேசுகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு ராகு காலம் எங்கே தெரியும், கிழவிதான் சொல்லியிருப்பாள் என்கிறார்களே, ராகு காலம் நம் ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியும், மொக்கைச்சாமிக்குத் தெரியும், முதலாளி அச்சடித்தே விற்கிறார். தெரிந்தவர்கள் எல்லோரும் இருந்துகொண்டுதான் அந்த மெஷின் படுத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொரிகடலையைத் தின்றுகொண்டு, என்ன நடக்கிறது என்று பார்த்தவள் ஒருத்திதான். அவள் பேர் பானுப்பிரியா, தாயில்பட்டி நாகையா முருகம்மாள் மகள். மலரில் அந்தப் பேரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். என் பேர் வேண்டாம்.